பட்டியலைப் பார்த்துவிட்டேன், கடன் வாங்கலாமா என்று கேட்கிறவனுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: ஒரு நடுத்தர நிறுவனத்தில் 14 பேர் கொண்ட குழுவுக்குத் தலைவராக இருக்கிறேன். எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அன்றிலிருந்து அலுவலகம் முழுக்கக் குசுகுசுப்புதான். இரண்டு வாரத்துக்கு முன் மேலாளர் என்னைத் தனியாக அழைத்து ஒரு பட்டியலைக் காட்டினார். என் குழுவிலிருந்து மூன்று பெயர்கள். “இன்னும் முடிவாகவில்லை, வாயைத் திறக்காதீர்கள். யார் கேட்டாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள்” என்றார். அதோடு விடவில்லை. அந்த மூவரில் இரண்டு பேருக்குப் போன அரையாண்டில் நான் கொடுத்த நல்ல அப்ரைசலை, அதாவது வேலை மதிப்பீட்டை, குறைத்து, பழைய தேதியிலேயே எழுதித் தரச் சொல்கிறார். மூன்றாவது பையன் நேற்று என்னிடம் வந்து, “அண்ணா, வீடு ஒண்ணு பாத்திருக்கேன். மாசக் கடைசிக்குள்ள முன்பணம் கட்டணும். கடன் வாங்கலாமா?” என்று கேட்டான். “நாளைக்குப் பேசலாம்” என்று அனுப்பிவிட்டேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது. தைரியமாக இரு, நேர்மையாக இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். என் நிலைமையில் இருப்பவன் அதை எப்படிச் செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரி: “நாளைக்குப் பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.” நீங்கள் அவனிடம் பொய் சொல்லவில்லை. மேலாளர் சொல்லிக்கொடுத்த வசனம் கையில் தயாராக இருந்தும், அது உங்கள் வாயில் வரவில்லை. அந்தத் தயக்கத்தை நம்புங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் மேலாளர் மூன்று வேலைகளை ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் ஏற்றியிருக்கிறார். பட்டியலைப் பற்றி யாரிடமும் பேசாதீர்கள் என்பது ஒன்று. யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்லுங்கள் என்பது இன்னொன்று. பழைய தேதியில் அப்ரைசலைத் திருத்துங்கள் என்பது மூன்றாவது. கட்டிய விதத்தில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். மூன்றும் வேறு வேறு. முதலாவது உங்கள் பதவியோடு வரும் கடமை. முடிவாகாத பட்டியலை வெளியில் விட்டால், பெயர் இருப்பவரும் இல்லாதவரும் சேர்ந்துதான் துன்பப்படுவார்கள். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் சட்டச் சிக்கலும் வரலாம். ஆகவே அதைக் காப்பாற்றுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். இரண்டாவது பொய். மூன்றாவது பொய்யான ஆவணம். இந்த இரண்டையும் செய்ய உங்களைக் கடமைப்படுத்தும் அதிகாரம் எந்த மேலாளருக்கும் கிடையாது.

சொல்ல முடியாததைச் சொல்லாமல் இருக்கலாம், இல்லாததைச் சொல்லக்கூடாது. இந்த இடைவெளி குறுகலானதுதான். ஆனால் உங்களைப்போல நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிற்க இடம் அங்கேதான் இருக்கிறது.

இதை நான் சுலபமாகக் கற்றுக்கொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன், ஆலோசகராக ஆவதற்கு முன்பு, ஒரு நிறுவனத்தில் ஒரு பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவை மூடப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆட்களை அமைதியாக வைத்திரு என்றார்கள். “வதந்திய நம்பாதீங்க, வேலையப் பாருங்க” என்று எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னேன். மூன்று வாரத்தில் மூடினார்கள். கடைசி நாளில், என்னைவிட வயதில் மூத்த ஒருவர் அடையாள அட்டையைக் கொடுக்க என் மேசைக்கு வந்தார். அட்டையின் ஓரம் உடைந்து, டேப் ஒட்டி வைத்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டு, கையை எடுக்காமலே கேட்டார்: “உங்களுக்குத் தெரியாம சொல்லியிருந்தா பரவாயில்ல சார். தெரியுமா?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் அவருக்கு வேறு ஒரு இடத்தில் வேலை வந்திருக்கிறது. என் பேச்சை நம்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதைப் பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

“உண்மை தெரிந்தால் பயந்துவிடுவார்கள், அதனால்தான்” என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உங்கள் மேலாளரும் அப்படித்தான் நினைப்பார். அது தப்பான கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கம்ப்யூட்டர் திரையில் வரும் கற்களின் கீழே பாம்பு இருக்கிறதா இல்லையா என்று கலந்துகொண்டவர்கள் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்அதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் உண்டு என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வருமா வராதா என்பது பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் மனஅழுத்தம் உச்சத்துக்குப் போனது. உங்கள் ஆட்கள் இப்போது இருப்பது அந்தப் பாதிக்குப் பாதியில். அவர்கள் ஏற்கனவே பயந்துதான் இருக்கிறார்கள். “ஒன்றும் ஆகாது” என்று நீங்கள் சொன்னாலும் அந்தப் பயம் இறங்காது. உங்கள் வார்த்தையை நம்ப முடியாது என்ற இன்னொரு பயம்தான் அதோடு சேரும்.

இனி அந்தப் பையன். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். போனை எட்ட வைத்துவிடுங்கள். பிறகு ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: “தம்பி, நம்ம நிறுவனத்தோட நிலைமையப் பத்தி நான் பேச முடியாத விஷயங்கள் இருக்கு. யார் கேட்டாலும் நான் பேச மாட்டேன். ஆனா உங்கிட்ட பொய்யும் சொல்ல மாட்டேன். பெரிய வாடிக்கையாளர் போயிட்டாங்க, அது உனக்கே தெரியும். இந்த நேரத்துல நம்ம 14 பேர்ல யாருக்கும், என்னையும் சேர்த்துத்தான், வேலை நிச்சயம்னு உறுதி குடுக்கற நிலைமையில நான் இல்ல. எங்கிட்ட யார் வந்து கடன் பத்திக் கேட்டாலும் ஒண்ணுதான் சொல்வேன்: ஆறு மாசம் சம்பளம் வரலன்னா இந்தத் தவணையக் கட்ட முடியுமான்னு கணக்குப் போட்டுப் பாரு. முடியும்னா உன் இஷ்டம். முடியாதுன்னா, முன்பணத்தத் தள்ளிப்போட முடியுமான்னு வீட்டுக்காரர்கிட்ட கேட்டுப் பாரு.”

இதில் எங்கேயும் பட்டியல் என்ற சொல் வரவில்லை. பொய்யும் வரவில்லை. முடிவெடுக்க அவனுக்கு எது தேவையோ அது வந்துவிட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. இதை மீறினால் மேலே சொன்னது எல்லாம் வீண். பட்டியலில் பெயர் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டும். நாளைக்கே இன்னொரு பெண் வந்து, “கார் வாங்கலாமாண்ணா?” என்று கேட்பாள். அவள் பெயர் பட்டியலில் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். மனசு இளகி, “உனக்கென்னம்மா, தாராளமா வாங்கு” என்று சொல்லிவிட்டீர்கள் என்றால், மதியத்துக்குள் இருவரும் பதில்களை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள். அந்த நிமிடமே உங்கள் மௌனம் பட்டியலாக மாறிவிடும். ஆகவே இப்போதே, கேட்பவர் யார் என்று தெரிவதற்கு முன்பே, உங்கள் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். “என் பேர் இருக்கா?” என்று யாராவது நேராகவே கேட்பார்கள். அதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்: “யாரு இருக்கா, இல்லன்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். உனக்கும் மாட்டேன், உன் பக்கத்து சீட்டுக்கும் மாட்டேன். என் கையில இருக்கற ஒண்ணு: உன்னப் பத்தி ஏதாவது முடிவானா, அத நீ வேற யாரோட வாயிலேருந்தும் கேக்கற மாதிரி விடமாட்டேன்.” கடைசி வாக்கியத்தைச் சொல்வதற்கு முன் அதைக் காப்பாற்ற முடியுமா என்று மேலாளரிடம் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள். முடியாது என்றால் அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

அப்ரைசலுக்கு வருகிறேன். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. எழுதாதீர்கள்.

1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை ஏவுவது பற்றித் தொலைபேசி வழியாக ஒரு கூட்டம் நடந்தது. பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள், சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவ வேண்டாம், குளிரில் பூஸ்டரின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும் என்றார்கள். மறுநாள் காலை உறைநிலைக்கே போகும் என்று தெரிந்திருந்தது. நாசா அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. இடைவேளை கேட்டு நிறுவனத்தார் தங்களுக்குள் பேசினார்கள். பொறியியல் துணைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள் என்று மேலே இருந்தவர் சொன்னார். அவர் மாறினார். ஏவலாம் என்று முடிவானது. அதை எழுத்தில், கையெழுத்தோடு தர வேண்டும் என்றது நாசா. ஏவுதளத்தில் இருந்த அந்த நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஆலன் மெக்டொனால்ட்தான் கையெழுத்திட வேண்டியவர். மாட்டேன் என்றார். அவருக்கு மேலே இருந்த ஒருவர் கையெழுத்திட்டு அனுப்பினார். மறுநாள், கிளம்பிய 73-வது விநாடியில் ஓடம் சிதறியது. 7 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் மெக்டொனால்ட் நடந்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து இறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்ட பிறகே திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த பூஸ்டர் இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் வேலையை அவர்தான் முன்னின்று நடத்தினார். எல்லோருக்கும் அப்படி ஒரு நாடாளுமன்றம் கிடைக்காது, அது எனக்குத் தெரியும். இதை உங்களுக்குச் சொல்வது முடிவுக்காக அல்ல, அந்த இரவுக்காக. அவர் கூச்சல் போடவில்லை, வேலையை விட்டுப் போகவில்லை. ஏவுவதைத் தடுக்கும் அதிகாரமும் அவரிடம் இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து அவருடையது, அதைத் தரவில்லை. ஆட்குறைப்பை நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை. அந்த இரண்டு அப்ரைசலின் கீழே இருக்கும் கையெழுத்து மட்டும் உங்களுடையது.

எப்படி மறுப்பது என்பதில் கவனம் வேண்டும். மேலாளரிடம் நியாய அநியாயம் பேசாதீர்கள். அவர் தன்னைக் காத்துக்கொள்ளும் வேகத்தில் உங்களை எதிரியாக்கிவிடுவார். அவருக்கு மேலே இருந்தும் யாரோ நெருக்குகிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். “நான் அப்போது பார்த்த வேலைக்கு அப்போது எழுதிய மதிப்பீடு அது. அதை மாற்ற வேலை சார்ந்த காரணம் என்னிடம் எதுவும் இல்லை. பழைய தேதியில் மாற்றினால், நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் நீங்களும் நானும் சேர்ந்துதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதே நாளில் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: “இன்று பேசியபடி, சென்ற அரையாண்டு மதிப்பீடுகளை மாற்றவில்லை. வேறு ஏதாவது தேவை என்றால் எழுத்தில் தெரிவியுங்கள்.” வாயால் சொன்ன பல உத்தரவுகள் எழுத்தில் கேட்டவுடன் காணாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நடந்ததைத் தேதியோடு உங்கள் சொந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிறுவனத்தின் கோப்புகளை உங்கள் தனி மின்னஞ்சலுக்கு அனுப்பாதீர்கள். அது ஒன்றே உங்களை வெளியேற்றக் காரணமாகிவிடும்.

மறுப்பதோடு ஒரு மாற்று வழியையும் அவர் கையில் கொடுங்கள். பணியிடம் குறைகிறது என்றால் பணியிடம் குறைகிறது என்றே சொல்லி அனுப்பலாமே? இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. “வேலை இல்லாமல் போனதால் அனுப்பினார்கள்” என்று அடுத்த நேர்காணலில் நிமிர்ந்து சொல்லலாம். “சரியாக வேலை செய்யவில்லை என்று அனுப்பினார்கள்” என்பதைத் தலை குனியாமல் சொல்ல முடியாது, அது பொய்யாகவே இருந்தாலும். வேலையை இழப்பவரிடமிருந்து அவர் செய்த நல்ல வேலையையும் சேர்த்துப் பிடுங்குவதுதான் அந்தத் திருத்தம்.

இன்னொரு யோசனை, அவர் கேட்கும் மனநிலையில் இருந்தால். 2009 பொருளாதார நெருக்கடியில் பேரி-வெமில்லர் என்ற அமெரிக்க இயந்திரத் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஆர்டர்கள் சரிந்தன. அதன் தலைவர் பாப் சாப்மன் யாரையும் நீக்காமல், எல்லா ஊழியர்களும் 4 வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுப்பது என்று கொண்டுவந்தார். சமாளிக்க முடிந்தவர்கள், முடியாத சக ஊழியர்களுடைய வாரங்களையும் தாங்களே ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் நிறுவனத்தில் இது நடக்குமா என்பது கணக்கைப் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் “இன்னும் முடிவாகவில்லை” என்று உங்கள் மேலாளரே சொன்னாரே. முடிவாகும்வரை கேட்க இடம் இருக்கிறது. தனியாகக் கேட்காதீர்கள். மற்றக் குழுத் தலைவர்களிடமும் இதேபோல அப்ரைசலைத் திருத்தச் சொல்லியிருப்பார்கள். அவர்களில் நம்பகமான ஒருவரையாவது கண்டுபிடியுங்கள். ஒருவர் கேட்டால் முரண்டு பிடிப்பதாகத் தெரியும். மூன்று பேர் கேட்டால் அது நிர்வாகத்துக்குத் தகவல்.

குழுவோடு வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம், 20 நிமிடம் உட்காருங்கள். சொல்ல ஒன்றும் இல்லாத வாரத்தில்தான் கட்டாயம் உட்கார வேண்டும். கூட்டத்தைத் தள்ளிவைத்தால் அதுவே ஒரு செய்தியாகிவிடும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், பேசக்கூடாததைப் பேசக்கூடாது என்று சொல்லுங்கள்.

இந்த மாதிரிக் காலத்தில் இன்னொன்றும் நடக்கும்: தவறுகள் மறைக்கப்படும். எந்தச் சின்னத் தவறு தன் பெயரைப் பட்டியலில் சேர்க்குமோ என்று ஒவ்வொருவரும் பயப்படுவார்கள். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். உங்கள் குழுவில் ஒரு மாதமாகத் தவறே நடக்கவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், விசாரியுங்கள்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. இந்தச் சமயத்தில் அந்த 14 பேருக்கும் நீங்கள் உள்ளே இருப்பதுதான் தேவை. ஆனால் மறுத்ததற்கு விலை இருக்கலாம், அதை மறைத்து உங்களிடமும் நான் பொய் சொல்ல மாட்டேன். அதனால் அந்தப் பையனிடம் போடச் சொன்ன ஆறு மாதக் கணக்கை நீங்களும் போடுங்கள். உங்கள் மனைவியோ கணவரோ, அவரிடம் எல்லாவற்றையும் சொல்லி, இருவரும் சேர்ந்து போடுங்கள். கணக்கு எவ்வளவு மோசம் என்று தெரியாதவரைதான் மேலாளரின் அறைக்குள் தொண்டை அடைக்கும். தெரிந்துவிட்டால் குரல் வரும்.

பட்டியல் உறுதியானால், அந்த மூவரிடமும் நீங்களே நேரில் சொல்லுங்கள். மின்னஞ்சலுக்கோ எச்.ஆர். ஆளுக்கோ விடாதீர்கள். முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். எனக்கும் கஷ்டமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த அறையில் அவருடைய கஷ்டத்துக்குத்தான் இடம். கடைசிச் சம்பளம் எப்போது, மருத்துவக் காப்பீடு எதுவரை, பரிந்துரைக் கடிதம் யார் தருவார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு உள்ளே போங்கள். பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதுங்கள், நீங்கள் மாற்ற மறுத்த அந்த அப்ரைசலில் இருப்பதையே எழுதுங்கள்.

அதற்கெல்லாம் இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பையனை மட்டும் இன்றைக்கே கூப்பிடுங்கள். நாளைக்குப் பேசலாம் என்று நீங்கள் சொன்னதை நம்பிக் காத்துக்கொண்டிருப்பான்.